டிரிகர் இறுகுகிறதா? ரிப்பேர் கடைக்கு ஓடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன சித்திரையில், நல்ல வெயிலில், காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறினேன். பையில் ஏழு மாதமே ஆன கன்ட்ரோலர், பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) என்ற கேம் கன்சோலுடையது. வலது டிரிகர், அதாவது ஆள்காட்டி விரலால் அழுத்தும் விசை, சில நேரம் பாதியிலேயே இறுகி நின்றுவிடுகிறது, எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லை என்பதுதான் புகார். ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கழற்றிப் பார்த்தார்கள், உள்ளே துடைத்தார்கள், திரும்ப மூடினார்கள். கூலி 1,200 ரூபாய். பஸ்ஸும் சாப்பாடும் தனி, ஒரு நாள் லீவும் போனது. வீட்டுக்கு வந்து விளையாடினால் அதே இடத்தில் அதே இறுக்கம்.

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அது கோளாறே இல்லை. நான் விளையாடிக்கொண்டிருந்தது 2021இல் வந்த டெத்லூப் என்ற சுடும் விளையாட்டு. அதில் தரம் குறைந்த துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொள்ளும். சிக்கியது விரலுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக டிரிகரையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். நான் அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டேன். கடையில் கழற்றி மூடியபோது உள்ளே ரிப்பன் கேபிள் ஒன்று நசுங்கியிருந்தது. அடுத்த ஒரு மாதத்தில் வலது டிரிகர் உண்மையிலேயே செத்துப்போனது. வாரண்டி இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. ஆனால் வெளியாள் கழற்றிய கன்ட்ரோலருக்கு அது செல்லாது. புதுசு வாங்க இன்னொரு ஆறாயிரம் ரூபாய் ஆனது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இப்போது பிஎஸ்5 வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பக்கத்தில் விசாரிக்க ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். எல்லாமே சுடும் விளையாட்டுகளை மனதில் வைத்துச் சொல்வது. கார் ஓட்டும் விளையாட்டுக்குக் கணக்கு வேறு.

1. கையில் இருப்பது எந்தக் கன்ட்ரோலர்?

டிரிகர் என்று நான் சொல்வது கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் ஆள்காட்டி விரல் படும் எல்2, ஆர்2 இரண்டையும். பெரும்பாலான சுடும் விளையாட்டுகளில் எல்2 குறி பார்க்க, ஆர்2 சுட.

விரலை எதிர்த்துத் தள்ளும் டிரிகர், பிஎஸ்5 கூடவே வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் இருக்கிறது. பிஎஸ்4 காலத்து டூயல்ஷாக் 4இல் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரின் டிரிகருக்குள் அதிர்வு மோட்டார் உண்டு. அது விரல் நுனியில் நடுங்கும், ஆனால் எதிர்த்து நிற்காது. நின்டெண்டோ ஸ்விட்சில் டிரிகர் வெறும் பட்டன்தான், பாதி அழுத்தம் என்ற ஒன்றே அதில் இல்லை.

இங்கே ஒரு பொறி. கன்சோல் பிஎஸ்5ஆக இருந்து, நீங்கள் போட்டிருக்கும் விளையாட்டு பிஎஸ்4 பதிப்பாக இருந்தால் டிரிகர் இறுகாது. சில விளையாட்டுகள் இரண்டு பதிப்பிலும் கிடைக்கின்றன. அவசரத்தில் பிஎஸ்4 பதிப்பை டவுன்லோடு செய்துவிட்டு, "எனக்கு மட்டும் இறுகவில்லை" என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டின் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தினால் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் டூயல்சென்ஸ் வைத்து விளையாடுவதாக இருந்தால் யூஎஸ்பி கேபிளைச் சொருகுங்கள். புளூடூத்தில் பெரும்பாலான விளையாட்டுகள் டிரிகர் இறுக்கத்தைத் தருவதில்லை.

2. வாங்கும்போது காகிதத்தைப் பாருங்கள்

தனிக் கன்ட்ரோலர் ஆறாயிரத்தை ஒட்டி வரும். நிறத்தைப் பொறுத்துச் சில நூறு கூடும், தள்ளுபடி நேரத்தில் நன்றாகவே இறங்கும். அவசரம் இல்லையென்றால் தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். அதே டப்பா, அதே படம் போட்டு பாதி விலைக்கும் கீழே எங்காவது கிடைத்தால் வாங்காதீர்கள். போலியில் டிரிகருக்குள் வெறும் ஸ்பிரிங் மட்டும் இருக்கும்.

பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். பில்லில் வாங்கிய தேதியும் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். முடிந்தால் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பெட்டியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வாரண்டிக்கு ஆகாது. கடைகள் தரும் அச்சுப் பில் ஆறு மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைத்துவிடுங்கள். இந்தியாவில் வாங்கிய கன்ட்ரோலருக்கு வாரண்டி ஒரு வருடம்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார்கள். "வரும்போது ஒரு கன்ட்ரோலர் வாங்கிட்டு வாங்க மாமா" என்று சொல்வது நமக்கு இயல்பு. விலையும் சில நேரம் குறைவாக இருக்கும். ஆனால் வாரண்டி வாங்கிய நாட்டுக்குத்தான். சிங்கப்பூரில் வாங்கியதை இங்கே இலவசமாகப் பழுது பார்க்க மாட்டார்கள். மாமா அடுத்த முறை போகும்போது கொடுத்தனுப்பலாம், அது அடுத்த தைக்கா அடுத்த ஆடிக்கா என்று அவருக்கே தெரியாது. டிரிகர்தான் இந்தக் கன்ட்ரோலரில் அதிகம் உழைக்கும் பாகம். ஐந்நூறு ரூபாய் லாபத்துக்காக ஒரு வருட வாரண்டியை விடாதீர்கள் என்பது என் கருத்து. கன்சோலையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே வாங்கிய கன்ட்ரோலர் அதோடு நன்றாக வேலை செய்யும்.

3. முதல் நாள் செய்ய வேண்டியது

பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். சீல், சீரியல் நம்பர், இரண்டு டிரிகரையும் அழுத்திக் காட்டுவது, எல்லாம் ஒரே வீடியோவில், நடுவில் நிறுத்தாமல். ஆன்லைனில் வாங்கினால் மாற்றித் தர நாள் குறைவு, பல இடத்தில் ஒரு வாரத்தை ஒட்டித்தான். ஆர்டர் பக்கத்தில் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

முழு சார்ஜ் ஏற மூன்று மணி நேரம் ஆகும். அப்புறம் கேபிளில் சொருகி கன்ட்ரோலரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். செட்டிங்ஸ், ஆக்சசரீஸ், கன்ட்ரோலர் என்று போனால் அந்த வழி கிடைக்கும்.

சோதிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பிஎஸ்5இலேயே ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற விளையாட்டு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். அதன் தொடக்கத்திலேயே டிரிகர் எப்படி இறுகும், அதிர்வு எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். இடது டிரிகர், வலது டிரிகர் இரண்டிலும் ஒரே மாதிரி இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். இந்த விளையாட்டை அழித்துவிடாதீர்கள். பிற்பாடு கோளாறு பார்க்க இதுதான் அளவுகோல்.

4. எந்த இறுக்கம் எதற்கு என்று விரலுக்குப் பழக்குங்கள்

ஒவ்வொரு டிரிகருக்கும் பின்னால் ஒரு குட்டி மோட்டார், பல்சக்கரம், அது நகர்த்தும் ஒரு நெம்புகோல் இருக்கின்றன. விளையாட்டு சொல்லும்போது மோட்டார் அந்த நெம்புகோலை டிரிகருக்கு எதிராகத் தள்ளும். எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம் வரை, எவ்வளவு பலம் என்பதையெல்லாம் விளையாட்டுதான் தீர்மானிக்கிறது. அதனால் துப்பாக்கியை மாற்றினால் இறுக்கமும் மாறும். இது தெரிந்திருந்தால் நான் மதுரைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

பெரும்பாலும் மூன்று விதம் வரும்.

முதலாவது, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சீராக எதிர்ப்பது. அப்பத்தா தேன்குழல் பிழியும்போது அச்சைக் கொஞ்சம் அழுத்தக் கொடுத்திருந்தால் அந்தக் கனம் உங்களுக்குத் தெரியும். மாவு தளர்ந்தால் இளகும், இறுகலாக இருந்தால் கை வலிக்கும், ஆனால் நடுவில் எங்கும் விடாது. வில்லை இழுப்பது, கனமான துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைப்பது இவற்றுக்கு இப்படி வைப்பார்கள்.

இரண்டாவது, ஒரு இடத்தில் தடுத்து நின்று, அதைத் தாண்டியதும் சட்டென்று விட்டுவிடுவது. நம் பழைய வீட்டு முகப்புக் கதவின் தாழ்ப்பாள் இப்படித்தான். இழுக்க இழுக்க வராது, வந்தால் 'படக்'கென்று வரும். கைத்துப்பாக்கி, ஒவ்வொரு குண்டாகச் சுடும் ரைஃபிள் எல்லாம் இந்த ரகம். புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தி, பிறகு விரலை முழுக்க எடுத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். தடை விட்ட இடத்தைத் தாண்டி அழுத்துவதில் பயன் ஒன்றும் இல்லை. திரும்ப வரும்போதும் தடை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாலே போதும். ஒரு சாயங்காலம் பழகினால் சுடும் வேகம் நன்றாகக் கூடும், விரலும் வலிக்காது.

மூன்றாவது, டிரிகரே துடிப்பது. பம்புசெட் ஓடும்போது குழாயில் கை வைத்தால் வரும் அந்தத் துடிப்பு விரலுக்கு அடியில் வரும். தொடர்ந்து சுடும் மெஷின் கன்னுக்கு இது. இந்த நேரத்தில் கன்ட்ரோலருக்குள்ளிருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள், மோட்டார் வேலை செய்யும் சத்தம்தான்.

இதற்கு மேல், பாதி அழுத்தத்துக்கு ஒரு வேலை, முழு அழுத்தத்துக்கு வேறு வேலை என்று பிரித்து வைக்கும் விளையாட்டுகள் உண்டு. ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்டில் ஒரு ஷாட்கன் இருக்கிறது. பாதி அழுத்தினால் ஒரு குழல் சுடும், முழுக்க அழுத்தினால் இரண்டும் சுடும். ரிட்டர்னலில் எல்2வைப் பாதி அழுத்தினால் குறி பார்க்கலாம், முழுக்க அழுத்தினால் துப்பாக்கி மாற்றுச் சுடுதலுக்கு, அதாவது பெரிய குண்டை விடும் இரண்டாவது முறைக்குப் போகும். இந்த மாதிரி விளையாட்டில் டிரிகர் இறுக்கத்தை முழுக்க நிறுத்திவிட்டால் பாதி எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. குறி பார்க்கப் போய், பத்திரமாக வைத்திருந்த பெரிய குண்டைத் தெரியாமல் செலவழித்துவிடுவீர்கள். "போட்டியில் ஜெயிக்க டிரிகர் எஃபெக்டை ஆஃப் செய்" என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு இவற்றிலும் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

5. அளவை எங்கே, எவ்வளவு வைப்பது

இரண்டு இடத்தில் மாற்றலாம். ஒன்று, கன்சோலில். செட்டிங்ஸ், ஆக்சசரீஸ், கன்ட்ரோலர் என்று போனால் 'டிரிகர் எஃபெக்ட் இன்டென்சிட்டி', 'வைப்ரேஷன் இன்டென்சிட்டி' என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்ட்ராங், மீடியம், வீக், ஆஃப் என்று நான்கு நிலை. இங்கே மாற்றினால் எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும். இன்னொன்று, அந்தந்த விளையாட்டுக்குள். கால் ஆஃப் டூட்டியில் கன்ட்ரோலர் பகுதியில் டிரிகர் எஃபெக்டை மட்டும் தனியாக நிறுத்த வழி இருக்கிறது.

எப்போதும் விளையாட்டுக்குள் மாற்றுங்கள். அங்கே வழி இல்லாவிட்டால் மட்டும் கன்சோலுக்கு வாருங்கள். கன்சோலில் ஆஃப் செய்துவிட்டு மறந்துபோய், அடுத்த வாரம் வேறு விளையாட்டில் டிரிகர் செத்துக் கிடக்கிறது என்று பதறுவது சகஜமாக நடக்கிறது.

எவ்வளவு வைப்பது என்பதில் என் அனுபவம் இது. தனியாக விளையாடும் கதை விளையாட்டில் ஸ்ட்ராங் வையுங்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி கனம் மாறுவது அந்த விளையாட்டின் பாதி சுகம். அதை முதல் முறையாவது முழுசாக அனுபவியுங்கள்.

ஆன்லைனில் எதிராளியோடு மோதும்போது டிரிகர் எஃபெக்ட் ஆஃப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரியும் நீங்களும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டால், யாருடைய விரல் முதலில் இறங்குகிறதோ அவர்தான் பிழைப்பார். தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு இறங்கும் விரல் கட்டாயம் பின்தங்கும். கூடவே, பலத்தைக் கொடுத்து அழுத்தும்போது கன்ட்ரோலர் லேசாக அசைகிறது, கட்டைவிரலும் அசைகிறது, குறியும் நகர்கிறது. ஃபோர்ட்நைட், வார்ஸோன் இரண்டும் இலவசம். ஆன்லைனில் விளையாடக் கட்டும் பிஎஸ் பிளஸ் சந்தாவும் இவற்றுக்குத் தேவையில்லை. அதனால் நம் பிள்ளைகள் முதலில் இறங்குவது இவற்றில்தான். முதல் நாளே ஆஃப் செய்துவிடுங்கள்.

ஆஃப் செய்த பிறகு டெட்ஸோனைப் பாருங்கள். டிரிகர் எவ்வளவு இறங்கிய பிறகு சுடத் தொடங்க வேண்டும் என்ற அளவு அது. கால் ஆஃப் டூட்டியில் எல்2, ஆர்2 இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது. குறைத்தால் லேசாகத் தொட்டாலே சுடும். ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டால் விரல் சும்மா மேலே இருக்கும்போதே சுட்டு, ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தானாகச் சுடத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள்.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. சுடுவதை ஆர்2இலிருந்து ஆர்1க்கும், குறி பார்ப்பதை எல்2இலிருந்து எல்1க்கும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்1 வெறும் பட்டன், இறங்க வேண்டிய தூரமே இல்லை. விளையாட்டுக்குள் இதற்கு வழி இல்லையென்றால் பிஎஸ்5இன் அக்சஸிபிலிட்டி பகுதியில் பட்டன்களை மாற்றி அமைக்கலாம். விரல் பழக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் தோற்பீர்கள், விட்டுவிடாதீர்கள். சுமார் 19,000 ரூபாய் விலையில் டூயல்சென்ஸ் எட்ஜ் என்ற கன்ட்ரோலர் இருக்கிறது, அதில் டிரிகர் இறங்கும் தூரத்தையே குறைக்கலாம். புதிதாக வருகிறவர்கள் அதில் பணம் போட வேண்டாம். முதலில் ஆர்1 வழியைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் விரல் மூட்டில் வலி இருப்பவர்களுக்கும் வீக் அல்லது ஆஃப். என் அண்ணன் மகனுக்குப் பத்து வயது. ஸ்ட்ராங்கில் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் எழுதக் கஷ்டப்பட்டான். அன்றிலிருந்து அவன் வரும்போதெல்லாம் நானே போய் வீக்கில் வைத்துவிடுவேன்.

6. உள்ளங்கை அதிர்வு வேறு, டிரிகர் வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஹாப்டிக் என்று சொல்லப்படும் அதிர்வு கைப்பிடியிலிருந்து வருவது. பழைய கன்ட்ரோலரில் ஒருபக்கம் கனமான சக்கரம் சுற்றி அதிர்ந்தது. அதனால் எல்லாமே ஒரே மாதிரி 'டர்ர்' என்று இருந்தது. டூயல்சென்ஸில் இடது பிடியில் ஒன்று, வலது பிடியில் ஒன்று என ஸ்பீக்கர் போல முன்னும் பின்னும் நகரும் கருவி இருக்கிறது. அதனால் ரிட்டர்னலில் மழைத்துளி விழுவதையும் வெடி வெடிப்பதையும் கை பிரித்து அறிகிறது. எந்தப் பக்கம் அடி விழுந்தது என்பதையும் சில விளையாட்டுகள் கையில் சொல்லும்.

போட்டி விளையாட்டில் இதை வீக்கில் வைக்கிறேன். தூரத்து இலக்கைக் குறி பார்க்கும்போது கை அதிர்ந்தால் கட்டைவிரல் தடுமாறும். இரண்டும் ஸ்ட்ராங்கில் இருந்தால் சார்ஜும் சீக்கிரம் இறங்கும். உள்ளே இருப்பது 1,560 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, இப்போதைய போன் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குதான்.

கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது. டிரிகர் சத்தமும் அதிர்வுச் சத்தமும் கூட விளையாடுகிறவர்கள் காதுக்குப் போகும். ஹெட்செட்டைச் சொருகி அதன் மைக்கில் பேசுங்கள், பேசாத நேரத்தில் நடுவில் இருக்கும் மியூட் பட்டனை அழுத்திவிடுங்கள்.

7. நம் வீடுகளில் கன்ட்ரோலரைக் காப்பது

ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, ஆனால் கன்ட்ரோலர் விழுந்தால் தாங்காது. டிரிகர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் முதலில் அடி வாங்குவது அதுதான், விழுந்து உடைந்ததை வாரண்டியிலும் எடுக்க மாட்டார்கள். விளையாடும் இடத்தில் ஒரு பாயோ ஜமுக்காளமோ விரியுங்கள். தரையில் வைக்கும்போது டிரிகர் தரையில் படும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். மேலே எதையாவது அடுக்கினால் இரவெல்லாம் ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கும்.

பழைய வீட்டில் சுண்ணாம்புத் தூள் உதிரும், டிரிகர் இடுக்கில் போய் அடையும். எங்கள் வீட்டில் மூடி போட்ட ஓலைக் கொட்டானில் வைக்கிறோம், நன்றாக இருக்கிறது. வெயில் காலத்தில் விரல் வியர்த்து டிரிகர் வழுக்கினால் ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும். எண்ணெயோ ஸ்பிரேயோ உள்ளே அடிக்காதீர்கள். முறுக்குத் தின்ற கையோடு தொடாதீர்கள்.

கன்சோல் வீட்டு முகப்பில் இருக்க, நீங்கள் வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால் சிக்னல் வராது. அந்தச் சுவர்களின் கனம் அப்படி. டிரிகர் தாமதமாகச் சுடுகிறது என்று தோன்றினால் முதலில் கிட்ட வந்து உட்கார்ந்து பாருங்கள். அப்படியும் தாமதம் என்றால் கேபிளில் சொருகி, கன்ட்ரோலர் செட்டிங்ஸில் கம்யூனிகேஷன் மெத்தட் என்பதை யூஎஸ்பிக்கு மாற்றுங்கள்.

8. கோளாறா, விளையாட்டின் வேலையா?

வரிசையாகச் செய்யுங்கள், தாண்டாதீர்கள். மொத்தம் அரை மணி நேரம் ஆகும்.

முதலில் அதே விளையாட்டில் வேறு துப்பாக்கியை எடுங்கள். இறுக்கம் போய்விட்டால் கோளாறு இல்லை.

பிறகு ஆஸ்ட்ரோஸ் பிளேரூமைத் திறந்து முதல் நாள் பார்த்த அதே இடத்தைப் பாருங்கள். இடதும் வலதும் ஒன்று போல இருந்தால் கோளாறு இல்லை.

கன்சோலில் டிரிகர் எஃபெக்டை ஆஃப் செய்யுங்கள். இப்போது டிரிகர் வெண்ணெய் போல இறங்க வேண்டும். ஆஃப் செய்த பிறகும் இறுகி நின்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. அழுத்தினால் திரும்பி வராமல் தொளதொளவென்று கிடந்தால் ஸ்பிரிங் போய்விட்டது.

சந்தேகம் இருந்தால் ரீசெட் செய்யுங்கள். கன்சோலை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் குண்டூசியால் ஐந்து நொடி அழுத்துங்கள். பிறகு கேபிளில் சொருகி பிஎஸ் பட்டனை அழுத்தினால் மறுபடி இணைந்துகொள்ளும். நெம்புகோல் பாதியில் நின்றுபோன சில்லறைச் சிக்கல் இதிலேயே சரியாகலாம்.

கடைசியாக, லேப்டாப் இருந்தால் கேபிளில் சொருகி விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து பாருங்கள். டிரிகரை மெதுவாக அழுத்தும்போது அளவு சீராக ஏற வேண்டும், விட்டால் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவில் குதித்தாலோ முழுசாக ஏறாவிட்டாலோ பழுதுதான். இதில் இறுக்கம் தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். இதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

9. வாரண்டிக்கு அனுப்புவது

பழுது என்று உறுதியானால், வாரண்டி இருக்கும் வரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள், வெளியாளிடமும் கொடுக்காதீர்கள். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

கூப்பிடும் முன் கையில் இருக்க வேண்டியவை: பில்லின் நகல், சீரியல் நம்பரின் தெளிவான போட்டோ, கோளாறைக் காட்டும் வீடியோ, உங்கள் முகவரியும் பின்கோடும். அதிகாரபூர்வ வாடிக்கையாளர் எண்ணுக்கே கூப்பிடுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர எண்களை நம்பாதீர்கள். முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: "எங்க பின்கோடுக்கு வீட்டில் வந்து எடுத்துக்குவீங்களா?" எடுத்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் எந்த ஊர் மையத்துக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

கோளாறைச் சொல்லும்போது "டிரிகர் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "டிரிகர் எஃபெக்ட் ஆஃபில் இருக்கும்போதும் ஆர்2 பாதியில் நிற்கிறது, ரீசெட் செய்தும் மாறவில்லை" என்று சொல்லுங்கள். எட்டாவது படியைச் செய்திருந்தால் இப்படிச் சொல்ல வரும். அப்படிச் சொன்னால் அவர்களும் அதே சோதனைகளை மறுபடி செய்யச் சொல்லி நாளைக் கடத்த வேண்டியிருக்காது.

கன்ட்ரோலரை மட்டும் அனுப்புங்கள். கேபிளையும் பெட்டியையும் அவர்கள் கேட்டால் தவிர அனுப்ப வேண்டாம். குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, டிரிகர் பக்கம் அழுந்தாதபடி உள்ளே பழைய துணி வைத்துக் கட்டுங்கள். கட்டும்போது போட்டோ எடுங்கள். என் அண்ணன் மகனுடையது போய்த் திரும்ப 16 நாள் ஆனது. பரீட்சை லீவில் விளையாடலாம் என்று திட்டம் இருந்தால் அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் கூரியரும் தாமதமாகும்.

திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். பின்பக்கத்துச் சீரியல் நம்பரைப் பாருங்கள். பழுது பார்க்காமல் வேறு கன்ட்ரோலரே அனுப்பியிருந்தால் நம்பர் மாறியிருக்கும், உங்கள் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகாது. கூட வந்த சீட்டில் புது நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சீட்டைப் பழைய பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.